டிவி, கம்ப்யூட்டர், ஸ்பீக்கர்: வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், கூட வேலை பார்த்தவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் கேள்வி "புதுசு வாங்கிவிடலாமா?" என்றுதான் ஆரம்பிக்கும். பாதிக்கு மேற்பட்ட நேரம் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் பொருளே நன்றாக வேலை செய்யும். எங்கே தடங்கல் என்று கண்டுபிடித்தால் போதும்.

ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிகிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

ஒரு படம் உங்கள் கண்ணுக்கு வருவதற்குள் இணைய இணைப்பு, ரௌட்டர், பெட்டி, வயர், டிவி, சவுண்ட்பார் என்று பல இடங்களைத் தாண்டி வருகிறது. பழுது அநேகமாக இவற்றில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து படம் வரவில்லையா? அதே வயரை, அதே போர்ட்டை வைத்துக்கொண்டு லேப்டாப்பைச் செருகுங்கள். படம் வந்தால் வயரும் டிவியும் நன்றாக இருக்கின்றன, பெட்டியில்தான் கோளாறு. வரவில்லை என்றால் அடுத்து வயரை மட்டும் மாற்றுங்கள். வயரையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும், அடுத்த வாரம் மறுபடி அதே கதை.

லேப்டாப்பை டிவியில் இணைத்தால் ஓரங்கள் வெட்டுப்படுகின்றன, எழுத்தும் தெளிவாக இல்லை. ஏன்?

பழைய படக்குழாய் டிவி காலத்தில் படத்தின் ஓரம் நேராக நிற்காது. அதை மறைக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுவார்கள். அந்தப் பழக்கம் இன்றைய தட்டை டிவியிலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. படத்தின் அளவு இருக்கும் மெனுவில் எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்கிற மாதிரி ஓர் அமைப்பு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் ஓரம் திரும்ப வந்துவிடும்.

எழுத்து மங்கலுக்குக் காரணம் வேறு. டிவிகள் வீடியோவில் நிற விவரத்தைக் குறைத்துக் கையாளும். திரைப்படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்தால் சிந்திய மை மாதிரி பரவும். உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றிப் பாருங்கள். பல டிவிகளில் அந்த ஒரு மாற்றத்திலேயே எழுத்து கூர்மையாகிவிடும்.

4கே டிவிக்கு விலை உயர்ந்த எச்டிஎம்ஐ வயர் வேண்டுமா?

வேண்டாம். அந்த வயரில் போவது டிஜிட்டல் சமிக்ஞை. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் முந்நூறு ரூபாய் வயரிலும் மூவாயிரம் ரூபாய் வயரிலும் ஒரே படம்தான். போய்ச் சேராவிட்டால் புள்ளி புள்ளியாக மின்னும், இல்லையேல் திரை நொடிக்கு நொடி கறுத்துக் கறுத்துத் திரும்பும். "நிறம் இன்னும் செழுமையாக இருக்கும்" என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பார்க்க வேண்டியது வேகத்தை. 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 நொடிக்கு 10.2 கிகாபிட் தாங்கும்; 4கே படத்தை நொடிக்கு 30 சட்டகம் (ஃப்ரேம்)தான் கடத்தும். 2013-இல் வந்த 2.0 பதிப்பு 18 கிகாபிட், 60 சட்டகம். 2017-இன் 2.1 பதிப்பு 48 கிகாபிட். செட்டாப் பாக்ஸுக்கும் ஓடிடி பெட்டிக்கும் 18 கிகாபிட் வயர் தாராளம். புது விளையாட்டுக் கன்சோல் வைத்திருந்தால் மட்டும் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்று அச்சிட்டு, ஸ்கேன் செய்யும் க்யூஆர் ஒட்டியோடு வரும் வயரை வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்குகிறவர்கள், அந்த ஒட்டியை அங்கேயே ஃபோனில் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

சவுண்ட்பார் வாங்கினேன். டிவி ஸ்பீக்கரில்தான் சத்தம் வருகிறது.

டிவியின் பின்பக்கம் மூன்று எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் அதில் அநேகமாக ஒன்றில் மட்டும் 'ஆர்க்' அல்லது 'இ-ஆர்க்' என்று எழுதியிருக்கும். சத்தம் திரும்பிப் போகிற வழி அது ஒன்றுதான். சவுண்ட்பாரில் அதே பெயர் எழுதிய போர்ட்டையும் இதையும் இணைக்க வேண்டும். மற்ற போர்ட்டில் செருகினால் எவ்வளவு காத்திருந்தாலும் சத்தம் வராது.

அப்புறம் டிவி அமைப்பில் 'சிஇசி' வசதியை இயக்குங்கள். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பதால்தான் பலருக்கும் இது கண்ணில் படுவதில்லை: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதை இயக்கிவிட்டால் டிவி ரிமோட்டிலேயே சவுண்ட்பாரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டு ரிமோட்டை ஒன்றாக்குவது பெரிய உதவி.

படத்தில் வசனம் காதில் விழவில்லை. சத்தம் வைத்தால் சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது. காது கேட்கவில்லையா, டிவி சரியில்லையா?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், இரண்டுமே காரணமில்லை. திரையரங்குக்காகக் கலக்கிய ஒலியில் ஆறு தடங்கள் இருக்கும். அதில் நடுத் தடத்தில்தான் பெரும்பாலான வசனம். டிவியிலோ கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். ஆறு தடத்தையும் அந்த இரண்டுக்குள் அடைக்கும்போது இசையும் இடி முழக்கமும் வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன.

முதலில் ஓடிடி செயலியில் ஆடியோ பட்டியலைத் திறந்து, '5.1' (அந்த ஆறு தட ஒலி) என்று போட்டிருந்தால் அதை விட்டுவிட்டு சாதாரண ஸ்டீரியோ தடத்தைத் தேர்ந்தெடுங்கள். செலவில்லாத மருந்து, பல வீடுகளில் இதோடு பிரச்சினை முடிந்துவிட்டது. அடுத்தது, டிவியிலோ சவுண்ட்பாரிலோ 'நைட் மோட்' இருக்கும். அது பெரிய சத்தத்தை அடக்கி, சின்ன சத்தத்தைத் தூக்கிவிடும். பெயரில் இரவு இருந்தாலும் பகலிலும் போட்டுக்கொள்ளலாம். சவுண்ட்பார் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், வாட் எண்ணைப் பார்க்காமல் 3.1 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மூன்றாவது ஸ்பீக்கர் வசனத்துக்காகவே நடுவில் வைத்திருப்பது.

இன்னொன்று யாரும் பேசாதது: அறை. நம் ஹாலில் மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ், சுற்றிலும் வெறும் சுவர். ஹால் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் 'ட்ரிங்' என்று ஒரு ரீங்காரம் நின்றால், அதே ரீங்காரம் ஒவ்வொரு வசனத்தின் மேலும் விழுகிறது என்று பொருள். கனமான திரைச்சீலை, சோபாவுக்கு முன்னால் ஒரு ஜமுக்காளம், புத்தகம் நிறைந்த ஒரு அலமாரி, இவை மூன்றும் சேர்ந்தால் வித்தியாசம் உடனே தெரியும். சவுண்ட்பாரை ஷோகேஸ் தட்டுக்குள் உள்ளே தள்ளி வைத்திருந்தால் விளிம்புக்கு இழுத்து வையுங்கள்.

ப்ளூடூத் ஹெட்போனில் உதடு அசைந்த பிறகுதான் சத்தம் வருகிறது.

ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிக்க நேரம் பிடிக்கிறது. சாதாரண ஹெட்போனில் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை தாமதம் சகஜம். கம்ப்யூட்டரில் விஎல்சி வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால் விசைப்பலகையில் 'ஜே' அல்லது 'கே' விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒலி 50 மில்லிநொடி முன்னோ பின்னோ நகரும். டிவியிலும் 'ஏவி சிங்க்' என்று ஓர் அமைப்பு இருக்கும்.

பஃபரிங் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெரிய பிளானுக்கு மாறவா?

அவசரப்படாதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குப் பரிந்துரைக்கும் வேகம் நொடிக்கு 15 மெகாபிட். இன்றைக்கு ஃபைபரில் கிடைக்கும் சின்ன பிளான்கூட அதைவிட அதிகம். வேகம் வீட்டு வாசல் வரை வந்துவிட்டது, வாசலிலிருந்து டிவிக்கு வரும் வழியில்தான் தொலைகிறது.

சோதிப்பது எளிது. ஃபோனை ரௌட்டருக்குப் பக்கத்தில் வைத்து வேகம் பாருங்கள். அப்புறம் அதே ஃபோனை டிவியின் முதுகுப் பக்கம், வைஃபை வாங்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் 90 வந்து இரண்டாவதில் 6 வந்தால், பெரிய பிளான் வாங்கினாலும் இரண்டாவது எண் ஏறப்போவதில்லை.

ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இணைப்புக் கொடுக்க வந்தவர் வயர் நுழைந்த இடத்திலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போயிருப்பார். பரணுக்குள்ளும் ஸ்டீல் பீரோவுக்குப் பின்னாலும் ரௌட்டர் ஒளிந்திருக்கும் வீடுகள் ஏராளம். இரும்பும் ஆளுயரக் கண்ணாடியும் அலையைத் திருப்பி அடித்துவிடும். நெஞ்சு உயரத்தில், திறந்த இடத்தில், வீட்டின் நடுவாக்கில் வைப்பது நல்லது.

ரௌட்டரில் இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் நெரிசல் அதிகம். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அடுக்குமாடியில் இருபது வீடுகள் அந்த மூன்றுக்குள் இடித்துக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே பக்கத்தில்தான் அலை விடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் தளர்ந்துவிடும். டிவி ரௌட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் 5-இல் இணையுங்கள்.

இவ்வளவும் வேண்டாம், ஒரே தீர்வு சொல்லுங்கள் என்றால்: லேன் வயர் இழுத்துவிடுங்கள். கேட்-5இ வயர் 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் கடத்தும். பல டிவிகளின் லேன் போர்ட் 100 மெகாபிட்தான் என்று சிலர் குறை சொல்வார்கள். படம் பார்க்க அது போதும், சுவரும் பக்கத்து வீட்டாரும் அதைத் தொட முடியாது.

புது டிவியில் சினிமா எல்லாம் மெகா சீரியல் மாதிரி தெரிகிறது. பழுதா?

பழுதில்லை. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகத்தில் எடுப்பது. டிவி இடையில் இல்லாத சட்டகங்களைத் தானே கற்பனை செய்து நிரப்பி, அசைவை வழுவழுப்பாக்குகிறது. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்ற பெயர்களில் இருக்கும். அணைத்துவிடுங்கள். 2019-இல் அறிவித்த 'ஃபிலிம்மேக்கர் மோட்' உங்கள் டிவியில் இருந்தால் இன்னும் சுலபம்; அது இந்த ஒப்பனை எல்லாவற்றையும் ஒரே அடியில் நீக்கிவிடும். ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து வைத்த வெளிச்சத்தை டிவி தன் இஷ்டத்துக்கு மாற்றுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபுல் எச்டியா, 4கேயா?

எவ்வளவு தூரத்தில் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சராசரிக் கண்ணின் கூர்மையை வைத்துக் கணக்குப் போட்டால், 55 அங்குல ஃபுல் எச்டி டிவியின் புள்ளிகள் சுமார் ஏழு அடிக்கு அப்பால் தனித்தனியாகத் தெரியாது. 43 அங்குலத்தில் ஐந்தரை அடி. பத்தடி தள்ளி சோபா போட்டுவிட்டு 43 அங்குலத்தில் 4கே வேண்டும் என்று கூடுதல் பணம் கொடுப்பதில் பலனில்லை. இன்று பெரிய அளவுகளில் 4கே தவிர வேறு கிடைப்பது அரிது என்பது வேறு விஷயம். அப்போது நிறமும் வெளிச்சமும் எந்த டிவியில் நன்றாக இருக்கிறது என்று கடையில் பாருங்கள். விளம்பரக் காட்சியை நிறுத்தச் சொல்லி, ஒரு சாதாரணச் செய்தி சேனலைப் போட்டுப் பாருங்கள்.

ஸ்மார்ட் டிவி மிகவும் மெதுவாகிவிட்டது. தூக்கிப் போடவா?

திரை நன்றாக இருக்கிறதா? அப்படியானால் ஒரு ஓடிடி ஸ்டிக் செருகி, டிவியை வெறும் திரையாக வைத்துக்கொள்ளுங்கள். திரை பத்து ஆண்டுகள் உழைக்கும், உள்ளே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் அதற்கு வெகு முன்பே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். ஸ்டிக்குக்கு மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்காமல், அதோடு வந்த அடாப்டரில் கொடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப் அலமாரியில் கிடக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாக. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரங்களில் நிறைய இன்னும் உயிரோடு இருக்கின்றன. பல குடும்பங்களில் அதுதான் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். அதைக் குப்பை என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது.

மெதுவாக இருப்பதற்கு முதல் காரணம் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டின் மேல் ஒரு முள் ஓடி ஓடித் தேடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில் அதே தேடல் ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள் நடப்பதால்தான், எஸ்எஸ்டி போட்டதும் "புது லேப்டாப் மாதிரி இருக்கிறதே" என்கிறார்கள். இரண்டரை அங்குல சாட்டா வகை எஸ்எஸ்டி, 256 ஜிபி போதும். ஒரு சின்ன விஷயம்: பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனாகவும் எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டராகவும் இருந்தால் உள்ளே ஆடும். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டுங்கள்; வரவில்லை என்றால் இரட்டைப் பக்க ஒட்டுநாடா போதும். பழைய டிஸ்க்கில் இருக்கும் படங்களை முதலில் வேறு இடத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரேம் 4 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் அதுவரை ஏற்றுங்கள். வாங்குமுன் இயந்திரத்தைத் திறந்து, உள்ளே இருப்பது எந்த வகை டிடிஆர் என்று படித்துக்கொண்டு போங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். இந்த லேப்டாப்புகள் அதற்கு வெகு முந்தியவை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் சத்தமும் வருகிறதா என்று உறுதி செய்த பிறகு நிறுவலாம். தமிழ்99 தட்டச்சும் அதில் கிடைக்கும். லிப்ரே ஆஃபீஸில் கடிதம் அடிக்கலாம், குழந்தைகள் நிரல் எழுதப் பழகலாம். எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு: ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்கை இணைத்து, ஜெல்லிஃபின் என்ற மென்பொருளை நிறுவி, வீட்டுப் படங்களும் பாட்டுகளும் இருக்கும் பெட்டகமாக ஒரு மூலையில் வைத்துவிடுவது. டிவி, ஃபோன் எதிலிருந்தும் எடுத்துப் பார்க்கலாம். ஜெல்லிஃபின் இலவசம், திறந்த மூலம், மாதச் சந்தா எதுவுமில்லை. பழைய லேப்டாப் நாள் முழுக்க ஓடும் என்பதால் உப்பிப்போன பேட்டரி இருந்தால் அதைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

கம்ப்யூட்டரைத் திறந்தால் தேதி பல வருடம் பின்னால் போகிறது, எந்த இணையதளமும் திறக்கவில்லை. வைரஸா?

மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேளுங்கள், கடிகாரக் கடையிலும் கிடைக்கும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் பழைய தேதியில் நிற்கும்போது எல்லாச் சான்றிதழும் இன்னும் தொடங்காததாகத் தெரிகிறது. அதனால்தான் எச்சரிக்கை காட்டுகிறது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள்.

தமிழ் சப்டைட்டில் டிவியில் சரியாக வருவதில்லை. என்ன செய்வது?

இதில் நாலு விதமான நோய் உண்டு. எது என்று திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கட்டம் கட்டமாக வந்தால், அந்தக் கருவியில் தமிழ் எழுத்துருவே இல்லை.

தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால், கோப்பு நல்ல யூனிகோடு தமிழ்தான். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக் குறியீடு மூன்று பைட்டாகப் பதிவாகும். கருவி அந்த மூன்றையும் தனித்தனி மேலைநாட்டு எழுத்தாகப் படிக்கிறது. விஎல்சியின் சப்டைட்டில் அமைப்பில் குறியேற்றத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

சாதாரண ஆங்கில எழுத்துகளே தாறுமாறாக வந்தால் அது பழைய எழுத்துரு முறையில் அடித்தது. ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி வரிசையாக நின்றால், பாமினி எழுத்துருவில் யாரோ 'தமிழ்' என்று அடித்திருக்கிறார். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பதிப்பகங்களும் அச்சகங்களும் இப்படித்தான் வேலை செய்தன. பழைய கோப்புகளைத் திறக்கும்போதும் இதே வைத்தியம்தான்.

நாலாவதுதான் தொல்லை. எழுத்து தமிழாகவே வரும், ஆனால் 'தெரியும்' என்பதில் கொம்பு 'த'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், புள்ளி வட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கும். யூனிகோடில் முதலில் 'த', அடுத்துக் கொம்பு என்றுதான் பதிவாகிறது. அதை இடம் மாற்றிக் காட்ட வேண்டியது மென்பொருளின் வேலை. டிவிக்குள் இருக்கும் இயக்கி சிலவற்றில் அந்த வேலையைச் செய்வதே இல்லை. ஆங்கிலம் தெரியாத பெரியவர் ஒருவர் வேற்றுமொழிப் படம் பார்க்க உட்காரும்போது கொம்பு கழன்ற தமிழைக் காட்டுவது எவ்வளவு பெரிய அலட்சியம்! டிவி அமைப்பில் இதற்குத் தீர்வு கிடையாது. இரண்டு வழிகள் உண்டு: ஆண்ட்ராய்டு டிவியோ ஸ்டிக்கோ இருந்தால் அதில் விஎல்சி நிறுவி அதன் வழியாகப் போடுங்கள், இல்லையேல் கம்ப்யூட்டரில் ஹேண்ட்பிரேக் மென்பொருளைக் கொண்டு சப்டைட்டிலைப் படத்தோடு நிரந்தரமாகப் பதித்துவிடுங்கள். இரண்டாவது வழியில் எழுத்து படத்தின் பகுதியாகிவிடுவதால் எந்த டிவியிலும் சரியாக வரும், ஆனால் பிறகு அணைக்க முடியாது. பதிக்குமுன் ஒரே ஒரு நிமிடத் துண்டைச் சோதித்துப் பாருங்கள்.

அப்பா அம்மா கல்யாண வீடியோ கேசட் இருக்கிறது. இன்னும் எடுக்க முடியுமா?

முடியும், ஆனால் இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். விஎச்எஸ் முறையை ஜேவிசி 1976-இல் கொண்டுவந்தது. கடைசியாக விசிஆர் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. நல்ல டெக்கும் குறைந்துகொண்டே போகிறது, அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கையும் குறைந்துகொண்டே போகிறது. இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாக் கேள்விகளிலும் காலம் தவறினால் திரும்பக் கிடைக்காதது இது ஒன்றுதான்.

கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை; கடலோர ஊர்களின் ஈரத்தில் இது சர்வசாதாரணம். அதை டெக்கில் போட்டால் நாடாவும் கெடும், டெக்கும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். அனுபவமுள்ளவரிடம் சுத்தம் செய்யக் கொடுங்கள். பூஞ்சை இல்லை என்றால் முதலில் முழுக்க முன்னால் ஓட்டி, முழுக்கப் பின்னால் சுற்றுங்கள். பல வருடம் ஒட்டிக்கிடந்த சுருள் இளகும்.

டெக்கின் உருளையைச் சுத்தம் செய்ய ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோலோ தூசு விடாத துணியோ எடுத்து, அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால், நாடாவைப் படிக்கும் தலை (ஹெட்) உடைந்துவிடும்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை யுஎஸ்பி பிடிப்பானில் (வீடியோ கேப்சர் கருவி) செருகிக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். மலிவான பிடிப்பான்கள் பழைய நாடாவின் நடுக்கத்தைத் தாங்காமல் சட்டகங்களைத் தவறவிடும்; போகப் போகப் படமும் ஒலியும் விலகும். நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்து அதன் வழியாகச் சமிக்ஞையை அனுப்பினால் நடுக்கம் பெருமளவு அடங்குகிறது. பதிவை 720-க்கு 576 அளவில் வையுங்கள். நம் ஊர் முறையில் நொடிக்கு 50 பாதிப் படங்கள் வரும். அதை 25 முழுப் படமாகச் சுருக்காமல் 50 ஆகவே விரித்தால் நாதஸ்வரக்காரரின் விரல்கள்கூட இயல்பாக ஓடும். கூர்மையாக்குகிறேன் என்று முகங்களை மெழுகுபொம்மை ஆக்கும் மென்பொருளைக் கொண்டு மூலப் பதிவைத் தொடாதீர்கள். மூலம் அப்படியே இருக்கட்டும், விளையாட்டெல்லாம் நகலில்.

இன்னொன்று: அன்றைய வீடியோக்காரர்கள் சினிமாப் பாட்டைத்தான் மேலே போட்டிருப்பார்கள். யூடியூபில் ஏற்றினால் பதிப்புரிமை எச்சரிக்கை வரக்கூடும். பென் டிரைவில் போட்டு உறவினருக்குக் கொடுங்கள்.

ஆடியோ கேசட்?

அது எளிது. டெக்கின் ஹெட்போன் அல்லது லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு வயர். மைக் துளையில் செருகினால் ஒலி உடைந்து வரும். ஆடாசிட்டியில் பதிவு செய்து ஃபிளாக் கோப்பாக வையுங்கள். தரம் குறையாமல் அளவு ஏறக்குறைய பாதியாகும். ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தால், ஓடும்போது தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை மெல்லத் திருப்புங்கள். 'ச', 'ஸ' ஒலிகள் பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். தாத்தா பாட்டியின் குரல் இருக்கும் கேசட்டை முதலில் எடுங்கள், கடையில் வாங்கிய பாட்டுக் கேசட் காத்திருக்கும்.

எடுத்ததை எதில் சேமிப்பது?

இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு நகல், மூன்றாவது நகல் வேறு வீட்டில். வெள்ளமும் தீயும் ஒரே வீட்டின் இரண்டு டிஸ்க்கையும் சேர்த்தே கொண்டுபோகும். 2015 டிசம்பரைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எஸ்எஸ்டியை மின்சாரமில்லாமல் வருடக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், சேமித்தது கரையக்கூடும். எழுதிய சிடி, டிவிடியை நம்ப வேண்டாம்.

யுபிஎஸ் ஏன் பத்து நிமிடம்கூட நிற்பதில்லை?

600 விஏ யுபிஎஸ் ஒன்று ஏறக்குறைய 360 வாட் தாங்கும். தாங்குவது வேறு, நிற்பது வேறு. உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது 84 வாட்-மணி. 200 வாட் கம்ப்யூட்டரை மாட்டினால் கணக்குப்படியே 25 நிமிடம். மாற்றும் இழப்பெல்லாம் போக அதில் பாதி கிடைத்தால் நல்லது. சேமித்துவிட்டு அணைக்க அந்த நேரம் போதும். பேட்டரி இரண்டு, மூன்று வருடங்களில் களைத்துவிடும். அதை மட்டும் மாற்றலாம், பெட்டியை மாற்ற வேண்டாம். கரண்ட் போனாலும் இணையம் வேண்டும் என்றால் ரௌட்டருக்கென்று இருக்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்குங்கள். மணிக்கணக்கில் ஓடும்.

இடி இடிக்கும்போது டிவி ப்ளக்கைப் பிடுங்குகிறவர்கள் கேபிள் வயரையும் டிஷ் வயரையும் மறந்துவிடுகிறார்கள். அந்த வழியாகவும் மின்னல் வரும். மூன்று முனை ப்ளக்கின் எர்த் முனையை ஒடித்துச் செருகவே கூடாது.

செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் போதுமா?

பல பெட்டிகள் 'அணைந்த' நிலையிலும் கிட்டத்தட்ட அதே மின்சாரத்தைக் குடிக்கும். 10 வாட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதக் கணக்கில் 14 யூனிட்டுக்கு மேல். ராத்திரி சுவிட்சையே அணையுங்கள்.

ரிமோட் போய்விட்டதா, பேட்டரி போய்விட்டதா?

ஃபோன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதை நோக்கிப் பிடித்து, ஏதாவது பொத்தானை அழுத்துங்கள். திரையில் ஊதா நிறத்தில் மினுக்கினால் ரிமோட் வேலை செய்கிறது, கோளாறு டிவி பக்கம். சில ஃபோன்களின் பின் கேமராவில் தெரியாது; முன் கேமராவில் பாருங்கள். ப்ளூடூத் ரிமோட்டுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

பழைய டிவியையும் கம்ப்யூட்டரையும் யாருக்காவது கொடுக்குமுன் என்ன செய்ய வேண்டும்?

ஓடிடி கணக்குகளிலிருந்து வெளியேறி, டிவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள். கம்ப்யூட்டரில் கோப்புகளைக் குப்பைத் தொட்டியில் போட்டுக் காலி செய்வது போதாது, இலவச மென்பொருளிலேயே அவற்றை மீட்டுவிடலாம். ஹார்ட் டிஸ்க் என்றால் முழு டிஸ்க்கையும் ஒருமுறை மேலெழுதி அழியுங்கள். எஸ்எஸ்டி என்றால் தயாரிப்பாளர் தரும் 'செக்யூர் எரேஸ்' கருவியைப் பயன்படுத்துங்கள். வங்கி விவரம், ஆதார் நகல் எல்லாம் இருந்த டிஸ்க் என்றால் அதைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். வாங்குகிறவர் ஒரு எஸ்எஸ்டி போட்டுக்கொள்வார்.